பொடி எழுத்தில் நிபந்தனை போட்டால் விளம்பரம் தப்பித்துவிடுமா?

கேள்வி இது: டிவியிலும் செல்போனிலும் வரும் விளம்பரங்கள் நம்மை எப்படி வாங்க வைக்கின்றன? இஷ்டத்துக்குச் சொல்லிவிட்டுக் கீழே நட்சத்திரக் குறி போட்டு "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று எழுதிவிட்டால் சட்டம் விட்டுவிடுமா? புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா?

விட்டுவிடாது. நட்சத்திரக் குறிக்கும் பொடி எழுத்துக்கும் இந்தியாவில் தனி விதியே இருக்கிறது, தெளிவாகவும் இருக்கிறது. அதை மீறும் விளம்பரங்களைத் தினமும் பார்க்கிறோம் என்பதும் உண்மை. மீறல் கண்ணில் பட வேண்டுமானால், விளம்பரம் நம்மை எந்த இடத்தில் பிடிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

பச்சைப் பொய் சொல்லும் விளம்பரங்கள் குறைவு. பெரிய நிறுவனங்களில் சட்டப் பிரிவு வரிக்கு வரி பார்த்த பிறகுதான் விளம்பரம் வெளியே வரும். எனவே சொல்லப்படும் வாக்கியம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். கேட்டவர் மனதில் பதிவதுதான் வேறாக இருக்கும். "கொலஸ்ட்ரால் இல்லாத சூரியகாந்தி எண்ணெய்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். செடியிலிருந்து எடுக்கும் எந்தச் சமையல் எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படியாக இருக்காது. ஆக, வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் கேட்பவர் "மற்ற எண்ணெயில் கொலஸ்ட்ரால் இருக்கிறது, இதில் இல்லை, அப்பாவின் இதயத்துக்கு இதுதான் நல்லது" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார். அந்த முடிவை விளம்பரம் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. வேலை நடப்பது அங்கேதான்.

சட்டமும் இதைப் புரிந்துகொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(28)-ன்படி, பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பதோடு குற்றம் முடிந்துவிடுவதில்லை. பொய்யான உத்தரவாதம் தருவது, பொருளின் தன்மை, அளவு, தரம் பற்றி வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கக்கூடியது, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பது, இவையும் "தவறாக வழிநடத்தும் விளம்பரம்" என்ற வரையறைக்குள் வருகின்றன. எனவே "நாங்கள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மைதானே" என்ற வாதம் மட்டும் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றாது. சாதாரண ஆள் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதே கேள்வி.

பிடிக்கும் வழிகளில் மிகப் பழையது, திரும்பத் திரும்பக் காட்டுவது. ஒரு பொருளைப் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டாலும் அடிக்கடி கண்ணில் பட்டால் அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் ஜயன்ஸ் 1968-ல் காட்டினார். 1977-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு, மீண்டும் மீண்டும் கேட்ட கூற்று உண்மையைப் போலத் தோன்றத் தொடங்குகிறது என்று கண்டது. ஒரு கிரிக்கெட் மேட்சில் அதே விளம்பரம் ஓவருக்கு ஓவர் வருவதன் காரணம் இதுதான். கடையில் இரண்டு சோப்பு எதிரெதிரே இருக்கும்போது கை பழகிய பெயரை நோக்கிப் போகும். இதைத் தடுக்க எந்த விதியும் இல்லை, இருக்கவும் முடியாது. வணிக நோக்கிலான பேச்சுக்கும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவின் பாதுகாப்பு உண்டு என்று 1995-ல் டாடா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏமாற்றும் விளம்பரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதும் அதே தீர்ப்பில் தெளிவாகிவிட்டது.

அடுத்தது பயமும் குற்ற உணர்வும். பக்கத்து வீட்டுப் பிள்ளை உயரமாக இருக்கிறான், உங்கள் பிள்ளை குள்ளமாக இருப்பதால் பள்ளி வரிசையில் முதலில் நிற்கிறான். அம்மாவின் முகம் வாடுகிறது. அடுத்த காட்சியில் ஒரு டம்ளர் பானம். பானத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, கேட்க நேரமும் தரப்படுவதில்லை. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே கிடையாது. அதைக் காரணம் காட்டித்தான், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் வைக்க வேண்டாம் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. அதுவரை எத்தனை தாய்மார்கள் அந்தச் சொல்லை நம்பி மாதச் செலவில் இடம் ஒதுக்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

வெள்ளைக் கோட்டும் "நம்பர் 1" பட்டமும் ஒரே குடும்பம். கூற்றை நாமே எடை போடாமல், "தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள், ஊரே வாங்குகிறது" என்று விட்டுவிட வைப்பதே அவற்றின் வேலை. 2022-ல் சென்சோடைன் பற்பசை விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். "உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது", "உலகின் நம்பர் 1 கூச்ச நிவாரணப் பற்பசை" என்றன அந்த விளம்பரங்கள். ஆதாரம் கேட்டபோது நிறுவனம் கொடுத்த சந்தை ஆய்வுகள் இந்தியப் பல் மருத்துவர்களிடம் மட்டும் எடுத்தவை. "உலகெங்கும்" என்பதற்கு அதில் இடமே இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. அந்த விளம்பரங்களில் பேசியவர்கள் வெளிநாட்டு மருத்துவர்கள். இங்குள்ள மருத்துவர்கள் விளம்பரத்தில் தோன்றத் தடை இருப்பதால் அப்படி ஒரு சுற்றுவழி. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க அதே ஆண்டு ஜூனில் ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் அந்த வழியையும் அடைத்துவிட்டன: இந்தியாவில் ஒரு தொழில்முறையாளர் பரிந்துரை செய்யக் கூடாதென்றால், அதே தொழிலில் உள்ள வெளிநாட்டவரையும் காட்டக் கூடாது.

"இன்று மட்டும்", "இன்னும் 3 மட்டுமே மீதி" என்ற அவசரம் யோசிக்கும் நேரத்தைப் பறிக்கிறது. டிவி வழி விற்பனை செய்த நாப்டால் நிறுவனத்துக்கு 2022-ல் ஆணையம் 10 லட்சம் அபராதம் விதித்தபோது, பொருள் குறுகிய காலத்துக்கு மட்டுமே கிடைக்கும் என்று செயற்கையான தட்டுப்பாட்டைக் காட்டுவதை நிறுத்தவும், பதிவு செய்த நிகழ்ச்சி என்றால் நேரலை இல்லை என்று திரையில் போடவும் உத்தரவிட்டது. இணையத்தில் இதே தந்திரத்துக்கு 2023 நவம்பர் 30-ல் தனி நெறிமுறை வந்தது. 13 ஏமாற்று வடிவங்களை அது பட்டியலிட்டுத் தடை செய்கிறது. பொய் அவசரம், கேட்காமல் கூடையில் பொருள் சேர்ப்பது, பணம் கட்டும் கடைசித் திரையில் புதுக் கட்டணம் முளைப்பது, "வேண்டாம், எனக்குப் பணத்தைச் சேமிக்க விருப்பமில்லை" என்பது போன்ற பொத்தானை வைத்து நம்மைக் கூச வைப்பது எல்லாம் அதில் அடக்கம்.

விலையைக் காட்டும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் நம் ஊரில் அதிகப் பணம் கை மாறுவது இதில்தான். நகைக்கடை விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். "கிராமுக்கு 200 ரூபாய் தள்ளுபடி" என்று முழுப் பக்கம். கணக்குக்காக 22 காரட் கிராம் 9,000 ரூபாய், வாங்குவது 10 கிராம் சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி தரும் கடையில் அந்த டிசைனுக்குச் சேதாரம் 14 சதவீதம். தங்கத்துக்கு 90,000, சேதாரம் 12,600, தள்ளுபடி 2,000 கழித்தால் 1,00,600. எந்தத் தள்ளுபடியும் அறிவிக்காத எதிர்க்கடையில் சேதாரம் 10 சதவீதம். அங்கே 99,000. இரண்டுக்கும் மேலே 3 சதவீத ஜிஎஸ்டி. தள்ளுபடி விளம்பரத்தைப் பார்த்துப் போனவர் 1,648 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, 2,000 மிச்சம் பிடித்த திருப்தியோடு வீட்டுக்கு வருகிறார். விளம்பரத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சேதாரம் எத்தனை என்ற ஒரே தகவல்தான் இல்லை. "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்ற அறிவிப்புகளும் பல நேரம் நாணயத்துக்கோ, குறிப்பிட்ட சில டிசைன்களுக்கோ மட்டும் பொருந்தும். கடைக்குப் போனால் கேட்க வேண்டியவை: இந்த உருப்படிக்குச் சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி தனியா, கல் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போடுகிறீர்களா, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட எச்யூஐடி என்ற ஹால்மார்க் அடையாள எண் பில்லில் வருமா. இரண்டு கடைகளை ஒப்பிடும்போது கிராம் விலையை விட்டுவிட்டு, ஒரே எடைக்கு வரி உட்பட மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

"இலவசம்" என்ற சொல்லுக்கும் 2022 நெறிமுறைகளில் வரம்பு உண்டு. ஆர்டர் செய்யும் செலவு, எடுத்துவரும் செலவு, டெலிவரிச் செலவு போகப் பணம் எதுவும் கேட்டால் அது இலவசம் ஆகாது. பேக்கிங், கையாளும் கட்டணம் என்று வசூலித்தாலும் ஆகாது. தொகுப்பின் விலைக்குள் ஏற்கெனவே அடங்கிய ஒன்றை இலவசம் என்று சொல்லக் கூடாது, இலவசம் தருவதற்காகவே மூலப் பொருளின் விலையை ஏற்றவும் கூடாது. கூட்டம் சேர்ப்பதற்கான தூண்டில் விளம்பரத்துக்கும் இப்படித்தான். அறிவித்த விலையில் விற்கும் உண்மையான எண்ணமும், எதிர்பார்க்கும் கூட்டத்துக்குப் போதிய சரக்கும் இருக்க வேண்டும். சரக்கு குறைவு என்றால் அதை விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடை திறப்பு விழாவுக்கு ஒரு ரூபாய் பிரியாணி என்று போஸ்டர் ஒட்டினால், முதல் எத்தனை பேருக்கு என்பதும் அதே போஸ்டரில் படிக்கும்படி இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் நட்சத்திரக் குறிக்கு வருகிறேன். 2022 ஜூன் 9-ல் வந்த அந்த நெறிமுறைகள், துறப்புக் குறிப்பு, அதாவது நட்சத்திரக் குறியோடு கீழே வரும் நிபந்தனை வாசகம், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வரையறுக்கின்றன. மேலே சொன்ன கூற்றை அது விளக்கலாம், விரிக்கலாம், ஐயம் தீர்க்கலாம். முக்கியமான கூற்றுக்கு முரணாகப் பேசக் கூடாது, தவறான கூற்றைப் பின்னால் வந்து திருத்தும் கருவியாகவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. "எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் தள்ளுபடி" என்று பெரிதாகப் போட்டு, "தேர்ந்தெடுத்த பொருட்களுக்கு மட்டும்" என்று கீழே எழுதினால் அது முரண். விளக்கம் என்ற கணக்கில் சேராது. குறிப்பு இல்லாவிட்டால் விளம்பரம் ஏமாற்றாகிவிடும் என்ற அளவுக்கு முக்கியமான தகவலைக் குறிப்புக்குள் ஒளிப்பதும் தவறு.

இதே இடத்தில் இன்னொரு விதி இருக்கிறது. தமிழர்கள் எல்லோரும் கையில் வைத்திருக்க வேண்டியது அது. கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் குறிப்பும் இருக்க வேண்டும். எழுத்துருவும் கூற்றில் உள்ளதாகவே இருக்க வேண்டும். கூற்று குரலில் வந்தால் குறிப்பும் அதனோடு சேர்ந்து வர வேண்டும். பொட்டலத்தில் கூற்று எந்தப் பக்கம் இருக்கிறதோ குறிப்பும் கூடியவரை அதே பக்கத்தில். தமிழ் நாளிதழில் தமிழில் வட்டி விகிதத்தைப் பெரிதாகப் போட்டு, அடியில் சாம்பல் நிறத்தில் ஆங்கிலத்தில் நான்கு வரி ஓடவிடும் விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். மொழி, எழுத்து, தெரியும் தன்மை என மூன்று மீறல்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆங்கிலம் வராதவர்தான் தமிழ் விளம்பரத்தின் முதல் இலக்கு. அவருக்குத் தேவையான ஒரே எச்சரிக்கையை அவர் படிக்க முடியாத மொழியில் வைப்பது அநியாயம் மட்டுமில்லை, விதிமீறலும்கூட. ஆனால் இந்தக் காரணத்தை வைத்துப் புகார் கொடுப்பவர்கள் அபூர்வம்.

குறிப்பை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு நல்ல அளவுகோல் மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் இருக்கிறது. "சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை" என்ற எச்சரிக்கையை ஒரு காலத்தில் மூச்சு விடாமல் ஓட்டிவிடுவார்கள். ஆங்கிலத்தில் 14 சொற்கள் கொண்ட அந்த எச்சரிக்கை குறைந்தது 5 விநாடிகள் ஒலித்தால்தான் தெளிவாகச் சொன்னதாகக் கொள்ளலாம் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி உதாரணம் காட்டிய பிறகே வேகம் குறைந்தது. நம் பக்க ரியல் எஸ்டேட், சீட்டு, கடன் விளம்பரங்களில் கடைசி இரண்டு விநாடியை இந்த அளவோடு வைத்துப் பாருங்கள்.

சில துறைகளுக்குப் பொதுச் சட்டத்துக்கு மேல் தனிச் சட்டங்கள் உண்டு. மருந்தில்தான் மிகக் கடுமை, காரணம் ஏமாந்தவர் பணத்தோடு சிகிச்சைக்கான காலத்தையும் இழக்கிறார். 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் 54 நோய்களையும் நிலைகளையும் பட்டியலிடுகிறது. சர்க்கரை நோய், புற்றுநோய், ரத்த அழுத்தம், இதய நோய், வாதம், வெண்புள்ளி, உடல் பருமன், பெண்களின் மலட்டுத்தன்மை, உயரம் கூட்டுவது எல்லாம் அதில் இருக்கின்றன. இவற்றைக் குணமாக்கும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரமே செய்யக் கூடாது. "எங்கள் மருந்து உண்மையில் வேலை செய்கிறது" என்பது பதில் ஆகாது, விளம்பரம் செய்ததே குற்றம். தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். முதல் முறை 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. மறுமுறை ஓராண்டு வரை. விடிகாலை டிவியில் "சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு" என்று ஓடும் அரை மணி நேர நிகழ்ச்சிகள் இந்தப் பட்டியலோடு நேராக மோதுகின்றன. பதஞ்சலி வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்றம் நடந்துகொண்ட விதம் நினைவிருக்கலாம். 67 நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டோம் என்றபோது, உங்கள் விளம்பரங்கள் வந்த அதே அளவிலா மன்னிப்பும் வந்தது என்று நீதிபதிகள் கேட்டார்கள். முழுப் பக்கத்தில் நம்ப வைத்ததை ஒரு மூலையில் திருத்துவது திருத்தம் ஆகாது என்பதால் அது சரியான கேள்வி.

உணவில் எண்கள் உதவும். "சர்க்கரை இல்லாதது" என்று போட வேண்டுமானால் 100 கிராமிலோ 100 மில்லியிலோ சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. "கொழுப்பு குறைவு" என்றால் திடப் பொருளில் 100 கிராமுக்கு 3 கிராமுக்குள், திரவத்தில் 100 மில்லிக்கு 1.5 கிராமுக்குள். பொட்டலத்தின் பின்பக்க அட்டவணையைப் பார்த்து நீங்களே சரிபார்க்கலாம். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்பது வேறு கூற்று. பழத்தில் இயல்பாக உள்ள சர்க்கரை அப்படியே இருக்கும், சர்க்கரை நோயாளிகள் ஏமாறும் இடம் அது. "நேச்சுரல்", "ப்யூர்", "ட்ரெடிஷனல்" போன்ற சொற்கள் பிராண்டின் பெயரிலேயே இருந்து, பொருள் அதற்குத் தகுதி இல்லாததாக இருந்தால், "இது வெறும் பிராண்ட் பெயர், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல" என்ற குறிப்பைக் குறைந்தது 3 மில்லிமீட்டர் எழுத்தில் போட வேண்டும். உணவு விளம்பரத்தில் ஏமாற்றினால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவில் 10 லட்சம் வரை அபராதம்.

மனை, அடுக்ககம் என்றால் முதலில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண்ணைத் தேடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டத்துக்குப் பதிவு இல்லாமல் விளம்பரமே வெளியிடக் கூடாது. மீறினால் திட்டத்தின் மதிப்பீட்டுச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம். "பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்" என்பதை நம்பாமல் தூரத்தை நீங்களே பாருங்கள். எந்த நேரத்தில், எந்த வண்டியில் என்று அதில் சொல்வதே இல்லை. அதைவிட முக்கியம், அந்த நோட்டீஸையும் புரோஷரையும் தூக்கிப் போடாதீர்கள். அதில் காட்டிய பூங்கா, நீச்சல் குளம், சாலை பொய்யாகி நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கவும், விலகினால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கவும் ரெரா சட்டத்தின் 12-வது பிரிவு வழி தருகிறது. சாட்சி அந்தத் தாள்தான்.

பயிற்சி மையங்களின் விளம்பரத்தில் தந்திரம் எண்ணிக்கையில் இருக்கிறது. 2022 குடிமைப் பணித் தேர்வில் தேர்வான 933 பேரில் 336 பேர் எங்கள் மாணவர்கள் என்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மையம் விளம்பரம் செய்தது. ஆணையம் விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் இலவச நேர்முகத் தேர்வு வழிகாட்டலில் மட்டும் கலந்துகொண்டவர்கள் என்று தெரிந்தது. முதல்நிலை, முதன்மைத் தேர்வுகளைத் தாங்களாகவே கடந்து வந்தவர்களின் படத்தைப் போட்டு, லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் வகுப்புகளை விற்றது போல ஆகிவிட்டது. அபராதம் 5 லட்சம். 2024 நவம்பர் 13-ல் வந்த நெறிமுறைகளின்படி, மாணவரின் பெயர், படத்தை அவர் வெற்றி பெற்ற பிறகு எழுத்தில் தரும் ஒப்புதல் இல்லாமல் போடக் கூடாது. எந்தப் பாடத்தில் சேர்ந்தார், எத்தனை காலம், பணம் கட்டியா இலவசமா என்பதையும் படத்தோடு சொல்ல வேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் இந்த மூன்றையும் வரவேற்பறையிலேயே கேட்கலாம்.

புகையிலைக்கும் மதுவுக்கும் டிவி விளம்பரம் கிடையாது என்பது தெரிந்ததே. அதே பெயரில் ஏலக்காயும் சோடாவும் வருவதைத்தான் மறைமுக விளம்பரம் என்கிறோம். 2022 நெறிமுறைகள் அதைத் தடை செய்தன. ஆனால் அனுமதிக்கப்பட்ட பொருளுக்கு அதே பிராண்ட் பெயரைப் பயன்படுத்துவது மட்டுமே மறைமுக விளம்பரம் ஆகிவிடாது என்றும் அதில் இருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் ஏலக்காய் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. என் பார்வையில் இந்த விதிகளிலேயே மிகப் பலவீனமான இடம் இதுதான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இப்படி இடைவெளி விடவில்லை. விளையாட்டோடு விளம்பரத்தையும் சேர்த்துத் தடுக்கிறது, விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்.

குழந்தைகள் விஷயத்தில் சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரத்தைக் குழந்தைகள் நிகழ்ச்சியிலோ குழந்தைகளுக்கான சேனலிலோ போடக் கூடாது. வாங்கித் தராவிட்டால் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்ற எண்ணத்தை ஊட்டக் கூடாது.

நடிகர், விளையாட்டு வீரர், யூடியூபர் யாராக இருந்தாலும் "எனக்குத் தெரியாது, எழுதிக் கொடுத்ததைப் பேசினேன்" என்று ஒதுங்க முடியாது. போதிய தகவலைப் பெற்றோ அனுபவித்தோ உரிய கவனத்தோடு பேசியிருந்தால்தான் தண்டனையிலிருந்து விலக்கு. இல்லையென்றால் முதல் முறை 10 லட்சம் வரை, அடுத்தடுத்து 50 லட்சம் வரை அபராதம். ஓராண்டு வரை எந்த விளம்பரத்திலும் பரிந்துரை செய்யத் தடை, மீண்டும் செய்தால் 3 ஆண்டு வரை. காசு வாங்கினால் மட்டுமில்லை, இலவசமாகப் பொருளோ பயணமோ ஹோட்டல் தங்கலோ வாங்கியிருந்தாலும் அதைச் சொல்ல வேண்டும். விளம்பரத் துறையே 1985-ல் அமைத்துக்கொண்ட ஆஸ்கி என்ற தர அமைப்பு இதற்கு அளவு சொல்லியிருக்கிறது. 15 விநாடிக்குள் உள்ள வீடியோவில் "விளம்பரம்" என்ற அடையாளம் குறைந்தது 3 விநாடி இருக்க வேண்டும், 2 நிமிடம் வரையிலான வீடியோவில் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் என்றால் அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும். வீடியோவுக்குக் கீழே "மேலும்" என்பதை அழுத்தினால் தெரியும் இடத்தில் ஒளித்து வைத்தால் சொன்னதாகக் கணக்கில்லை.

கடைசியாகப் புகார். ஆஸ்கியிடம் அதன் தளத்திலோ வாட்ஸ்அப்பிலோ இலவசமாகப் புகார் தரலாம். அபராதம் போடும் அதிகாரம் அதற்கு இல்லை. விளம்பரத்தைத் திருத்தவோ நிறுத்தவோ சொல்லும். ஆனால் கேபிள் டிவி விதிகளின் 7(9) பிரிவு, ஆஸ்கியின் நெறிகளை மீறும் விளம்பரத்தைக் கேபிளில் காட்டக் கூடாது என்பதால் டிவி விளம்பரத்தில் அதன் சொல்லுக்கு எடை உண்டு. அபராதம் வரை போக வேண்டுமானால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தொடங்கலாம். சட்டத்தின் 17-வது பிரிவின்படி உங்கள் மாவட்ட ஆட்சியரிடமே எழுத்து மூலம் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்குப் பணம் வேண்டும் என்றால் இந்த இரண்டும் போதாது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனி வழக்குப் போட வேண்டும்.

புகார்கள் விழுந்துபோவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். ஒன்று, ஆதாரம் இல்லாதது. விளம்பரம் மறுநாளே மாறிவிடும். பார்த்த உடனே ஸ்கிரீன்ஷாட் அல்லது திரைப்பதிவு எடுங்கள், தேதியும் நேரமும் தெரியட்டும். நாளிதழ் என்றால் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண். டிவி என்றால் சேனல், நேரம், எந்த நிகழ்ச்சியின் நடுவே. வாங்கியிருந்தால் பில்லும் பொட்டலமும். இரண்டாவது, எதை எதிர்க்கிறோம் என்று சொல்லாதது. "ஏமாற்று விளம்பரம், நடவடிக்கை எடுங்கள்" என்று மட்டும் எழுதினால் அதிகாரிக்குப் பிடிமானம் இருக்காது. விளம்பரத்தில் உள்ள வாக்கியத்தை அப்படியே எழுதி, அதைப் படித்தால் என்ன புரிகிறது, உண்மை என்ன, எந்தத் தகவல் மறைக்கப்பட்டது அல்லது எந்த மொழியில் ஒளிக்கப்பட்டது என்று நான்கு வரியில் எழுதுங்கள். "உலகிலேயே ருசியான காபி" போன்ற மிகைப்புகழ்ச்சியை எதிர்த்துப் பயனில்லை. அளந்து சரிபார்க்க முடியாத பெருமைப் பேச்சைச் சட்டம் பொருட்படுத்தாது. எண், ஒப்பீடு, உத்தரவாதம், "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல் இருந்தால் ஆதாரம் காட்ட வேண்டியது நிறுவனத்தின் வேலை, உங்கள் வேலை இல்லை.

மாவட்ட ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரையிலான வழக்குகளை அங்கேயே விசாரிப்பார்கள். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கால வரம்பு, குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகள்.